தங்க நிற போல்ட்: பழைய விமானத்தை உடைக்கும்போது எது ஆபத்து?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, தோட்டத்துச் செம்மண் பாதை தார்ச்சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு பழைய இரும்புக் கிடங்கு இருக்கிறது. லயத்தில் என்னோடு கோலி விளையாடிய நண்பர்தான் அதை நடத்துகிறார். துணி துவைக்கும் இயந்திரம், மோட்டார் சைக்கிள் சட்டம், செம்பனை ஆலையில் கழித்துக்கட்டிய குழாய் என்று வழக்கமான சரக்குகள்தாம் அங்கு வரும். சென்ற மாதம் ஒரு லோரியில் வந்தது வேறு மாதிரி. வளைந்த அலுமினியத் தகடுகள், தகடு முழுக்க எறும்பு ஊர்வதுபோல் ரிவெட் வரிசை, உட்பக்கத்தில் மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சுபாங்கில் விமானப் பராமரிப்புக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் பச்சையைப் பார்த்தே கண் பழுத்தவன் நான்.

கிடங்கில் வேலை செய்யும் இளைஞன் ஒரு போல்ட்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தான். அதன் தலை தங்கமாய் மின்னியது. சாய்த்தால் வானவில்போல் லேசான பச்சையும் சிவப்பும் ஓடின.

"மாமா, இது பித்தளையா? இல்லை, தங்க முலாமா?"

"முதலில் அந்த கேஸ் கட்டரை அணை" என்றேன்.

அவன் கேட்ட கேள்விக்கு அன்று நின்ற நிலையில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதே என் கணக்கு.

அந்த போல்ட் எஃகு. அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிதாகப் பூசியிருப்பது காட்மியம் என்ற உலோகம். அதற்கும் மேலே துரு அண்டாமல் இருக்க குரோமேட் என்ற குரோமிய உப்பில் ஒரு குளியல். தங்க நிறம் அதிலிருந்து வருகிறது. அலுமினியத் தகட்டில் வெறும் எஃகு போல்ட்டை முடுக்கினால், மழைநீர் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையே சிறு பேட்டரிபோல் மின்சாரம் ஓடும், அலுமினியம் அரிக்கும். இடையில் காட்மியம் இருந்தால் அந்தச் சண்டை அடங்கும். அதனால்தான் போல்ட், சக்கரக்கால், கீல் என்று எஃகு தென்படும் இடமெல்லாம் அதைப் பூசினார்கள். முப்பது ஆண்டு பறந்தாலும் அது யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எங்கள் அம்மாக்கள் முதுகில் டின்னைச் சுமந்து மருந்து அடித்தவர்கள். மருந்து மூடிய டின்னில் இருக்கும்வரை அதனருகே உட்கார்ந்து பசியாறியவர்களும் உண்டு. திறந்து, கலக்கி, காற்றில் தெளிக்கும்போதுதான் அது மூக்குக்கும் தோலுக்கும் வந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் நாடு 2002இல் தடை செய்ய முடிவெடுத்தது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 முதல் முழுமையாகத் தடை செய்தது. இத்தனை இழுபறிக்குப் பின்னால் இருந்ததும் அதே விவகாரம்தான்: பொருள் எங்கே அடைபட்டிருக்கிறது, எப்போது உடம்புக்குள் போகிறது? பழைய விமானமும் அப்படிப்பட்ட ஒரு மூடிய டின். வெட்டுகிறவன்தான் அதைத் திறக்கிறான்.

காட்மியம் 321 டிகிரியில் உருகும், 767 டிகிரியில் கொதிக்கும். கேஸ் கட்டரின் சுடரோ ஏறக்குறைய 3000 டிகிரி. போல்ட் அறுபடுவதற்கு முன்பே அதன் பூச்சு புகையாகிவிடும். வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்குத் துத்தநாகக் காய்ச்சல் தெரியும். துத்தநாகம் பூசிய குழாயைச் சுட்டால் மாலையில் குளிர்காய்ச்சல் வரும், ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள், மறுநாள் சரியாகிவிடும். (சரியாவது பாலால் அல்ல, அந்தக் காய்ச்சல் தானாகவே போகிற வகை.) காட்மியப் புகையும் ஆரம்பத்தில் அதேபோல்தான் வேடம் போடும். தொண்டை வறட்சி, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். "வழக்கமான புகைக் காய்ச்சல்" என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதிகம் சுவாசித்தவர் இறந்தும் போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் உள்ளே போனால் சிறுநீரகம் கெடும், எலும்பு பலவீனமாகும், புற்றுநோய் ஆபத்தும் உண்டு. என்னைக் கேட்டால், நம் ஊர்க் கிடங்குக்கு வந்து சேரக்கூடிய விமானச் சரக்கில் யுரேனியத்தைவிட (சில பழைய விமானங்களில் அதுவும் உண்டு, பிறகு சொல்கிறேன்) இந்தத் தங்க நிற போல்ட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

அடுத்தது அந்தப் பச்சை. அது அழகுக்கு அடித்த சாயம் அல்ல, துத்தநாகக் குரோமேட் அல்லது ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் கலந்த அடிப்பூச்சு. தகட்டில் கீறல் விழுந்தால், பூச்சில் உள்ள குரோமேட் ஈரத்தில் மெல்லக் கசிந்து அந்தக் கீறலை மூடிக் காக்கும். தானே காயத்துக்கு மருந்து போட்டுக்கொள்ளும் பூச்சு என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்வார். அந்த மருந்தில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். அதன் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. தகட்டைக் கையால் தொட்டால் உயிர் போய்விடாது. கிரைண்டரை வைத்ததும் பறக்கும் மஞ்சள் தூசிதான் விவகாரம். சாயங்காலம் துடைப்பத்தால் வறட்டுக் கூட்டு கூட்டினால் அதே தூசி இரண்டாம் முறை எழும்பும். நீரடித்துக் கழுவினால் ஓடைக்குப் போகும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் நச்சுக் கழிவாகக் கட்டி வைக்க வேண்டும் என்றால் கிடங்குக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் கூடத்தில் அப்படித்தான் செய்தோம்.

இவை மெல்லக் கொல்பவை. பட்டென்று வெடிப்பவை வேறு இடத்தில் இருக்கின்றன. பயணிகளின் உயிரைக் காக்க வைத்த சாமான்கள்தாம் கிடங்கில் மிக மோசமானவை.

விமானத்தில் ஏறியதும் பணிப்பெண் மஞ்சள் முகமூடியைக் காட்டி, "இழுத்து மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாரே, அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? பல விமானங்களில் பெரிய சிலிண்டரிலிருந்து அல்ல. தலைக்கு மேலே ஒவ்வொரு வரிசைக்கும், சிறிய மைலோ டின்னை இழுத்து நீட்டியதுபோல் ஓர் உருளை இருக்கும். உள்ளே சோடியம் குளோரேட் என்ற உப்பும் கொஞ்சம் இரும்புத்தூளும் சேர்த்து இறுக்கிய கட்டி. (சோடியம் குளோரேட் களைக்கொல்லியாகவும் விற்கப்பட்டது, தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கலாம்.) முகமூடியை இழுத்தால் ஒரு பின் கழன்று, சின்னஞ்சிறு தோட்டா ஒன்று தட்டப்படும். கட்டி எரியத் தொடங்கி ஆக்சிஜனைக் கக்கும். பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு அதை யாராலும் நிறுத்த முடியாது. உருளையின் வெளிப்புறம் 260 டிகிரி வரை சுடும்.

இப்போது அந்த உருளையை எண்ணெய் ஊறிய கிடங்குத் தரையில், பழைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நெருப்புக்கு வேண்டிய சூடும் ஆக்சிஜனும் ஒரே டின்னில் சேர்ந்து வருகின்றன.

1996 மே 11 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பிய வேல்யூஜெட் 592 விமானத்தின் சரக்கறையில் இப்படிப்பட்ட உருளைகள் பெட்டிகளில் ஏற்றப்பட்டிருந்தன. வேறு விமானங்களிலிருந்து, காலாவதியாகிவிட்டன என்று கழற்றியவை. காலாவதி என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று பொருள் அல்ல. தட்டும் பின்மேல் போட வேண்டிய பாதுகாப்பு மூடிகளைப் போடவில்லை. சரக்குத் தாளில் "காலி" என்று எழுதிவிட்டார்கள். புறப்பட்ட பத்து நிமிடங்களுக்குள் தீ விமானத்தைத் தின்றது. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேரும் இறந்தார்கள். விமானத்தை உடைக்கும் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கதையைத் தங்கள் கதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றி ஓரமாக வைத்த சாமானால் நேர்ந்த விபத்து அது.

அவசரக் கதவில் மடித்து வைத்திருக்கும் சறுக்குப் பலூன் சில விநாடிகளில் விரிய வேண்டும். அதற்கான வாயு உருளையின் அழுத்தம் சுமார் 3000 பிஎஸ்ஐ. நம் கார் டயரில் இருப்பது 30 சொச்சம். கதவைத் தகரமாக நினைத்துக் கடப்பாரையால் நெம்பினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. எஞ்சினில் தீப்பிடித்தால் அணைக்கும் ஹாலோன் குப்பியின் வாயைத் திறப்பது ஒரு சிறிய வெடிமருந்துக் குப்பி. விமானியின் பொத்தானிலிருந்து வரும் மின்சாரம் அதை வெடிக்க வைக்கும். விமானத்திலிருந்து கழற்றிவிட்டால் பொத்தான் இல்லை, ஆனால் வெடிமருந்து அப்படியேதான் இருக்கிறது. "மின்சாரம் வருகிறதா பார்ப்போம்" என்று யாராவது பேட்டரிக் கம்பியை வைத்தால் போதும். ஹாலோன் வாயு ஓசோன் படலத்தை அழிப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியால் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 1994 முதலும் மற்ற நாடுகள் 2010 முதலும் அதன் புதிய உற்பத்தியை நிறுத்தின. மிச்சமிருக்கும் பழைய சரக்கைச் சுத்தம் செய்துதான் விமானத் துறை இன்றும் ஓட்டுகிறது. ஆக, அந்தக் குப்பியை வெளியே திறந்துவிடுகிறவன் காற்றையும் கெடுக்கிறான், நல்ல விலை போகும் பொருளையும் வீணாக்குகிறான்.

இனி எல்லாரும் கேட்கும் யுரேனியம்.

2015 டிசம்பரில் கேஎல்ஐஏ என்ற கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் நிர்வாகம் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். மூன்று போயிங் 747 விமானங்கள் அனாதையாக நிற்கின்றன, சொந்தக்காரர் பதினான்கு நாள்களுக்குள் வந்து எடுத்துக்கொள்ளாவிட்டால் விற்றுவிடுவோம் என்று. மாடு காணவில்லை என்று விளம்பரம் கொடுப்பார்கள். இங்கே மாட்டைக் கட்டி வைத்துக்கொண்டு சொந்தக்காரனைத் தேடினார்கள். ஊரே சிரித்தது. அவை 747-200 ரகம் என்று படித்ததும் எனக்கு வாலின் எடைக்கட்டிகள்தாம் நினைவுக்கு வந்தன.

வாலில் ஏறி இறங்கும் தகடு ஒரு கீலில் தொங்குகிறது. கீலுக்குப் பின்னால் அகலமான தகடு, முன்னால் ஒரு கை அகல இடம். முன்னும் பின்னும் எடை சமமாக இல்லாவிட்டால் வேகத்தில் தகடு படபடத்து உடைந்து போகும். அந்தச் சிறிய இடத்துக்குள் பெரிய எடையை அடைக்க வேண்டும். ஈயம் போதவில்லை. ஈயத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு கனமானது யுரேனியம். அணு உலைக்கு வேண்டிய பகுதியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும், செறிவு குறைந்த யுரேனியம் அப்போது மலிவாகக் கிடைத்தது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் அளவுக் கட்டி 28 கிலோ இருக்கும். அதாவது ஒரு தண்ணீர்ப் போத்தல் பருமனில், பழுத்த பெரிய செம்பனைக் குலையின் எடை. பழைய 747, டிசி-10, எல்-1011 விமானங்களில் இவை இருந்தன. 1980களின் தொடக்கத்திலிருந்து போயிங் டங்ஸ்டனுக்கு மாறியது.

கட்டிமேல் காட்மிய முலாமும் பெயின்ட்டும் இருக்கும். அதிலிருந்து வரும் கதிரில் பெரும்பகுதியை அந்தப் பூச்சும் நம் தோலும் தடுத்துவிடும். பக்கத்தில் நின்றதற்காக ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. துளை போட்டாலோ, அரைத்தாலோ, ஈயம் என்று நினைத்து உலையில் போட்டாலோதான் வில்லங்கம். அதன் தூசி மூச்சில் போனால் நுரையீரலில் தங்கும். கதிரியக்கம் ஒருபுறம் இருக்க, வேதி நஞ்சாகவே சிறுநீரகத்தைத் தாக்கும். 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் அடுக்குமாடி வீடுகள்மேல் விழுந்த எல் அல் சரக்கு விமானத்தில் 282 கிலோ இருந்தது. அதில் 152 கிலோ கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வட்டாரத்து மக்கள் பல ஆண்டுகள் அந்தக் கணக்கையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டியில் எச்சரிக்கை வாசகம் பொறித்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கும், அதன்மேல் பலமுறை பெயின்ட் ஏறியிருக்கும். அளவுக்குப் பொருந்தாத கனம்தான் நம்பகமான அடையாளம். தூக்கிப் பார்த்துத் திடுக்கிட்டால், வைத்துவிட்டு விலகுங்கள்.

பழைய இரும்புக்குள் வந்து ஆட்களைக் கொன்ற கதிர்ப்பொருள் வேறு ரகம். 2000ஆம் ஆண்டில் தாய்லாந்தின் சமுட் பிரகானில் மருத்துவமனைக் கருவி ஒன்றின் உலோக உறையைப் பழைய இரும்புக் கடையில் வெட்டித் திறந்தார்கள். உள்ளே கோபால்ட்-60. மூன்று பேர் இறந்தார்கள். விமானத்தில் அந்த அளவுக்குக் கொடூரமானது எதுவும் இல்லை. இருப்பவை சில்லறைகள்: சில பழைய ஜெட் எஞ்சின்களின் மக்னீசிய உறையில் இரண்டு மூன்று சதவீதம் தோரியம், பழைய வெளியேறும் வழிப் பலகைகளில் டிரிட்டியம், இரண்டாம் உலகப் போர்க்காலக் கருவிகளின் முகப்பில் ரேடியம்.

ஈப்போ வட்டாரத்துக்காரர்களுக்குத் தோரியம் புதிய சொல் அல்ல. புக்கிட் மேராவில் வெள்ளீயச் சுரங்கக் கழிவு மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்த தொழிற்சாலை விட்டுச்சென்ற பொருள் அது. 1980களில் மக்கள் ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டார்கள். 1994இல் ஆலை மூடப்பட்டது. எஞ்சின் உறையில் இருப்பது அதனோடு ஒப்பிட அற்பம். ஆனாலும் மக்னீசியச் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ மேலும் சீறும்.

ரேடியம் முகப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் காடுகளில் போர்க்காலத்திலும் 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்திலும் விழுந்த விமானங்களின் சிதைவுகள் கிடக்கின்றன. மலையேறப் போகிறவர்கள் சிலருக்குக் கடிகாரம்போன்ற கருவியை நினைவுப்பொருளாக எடுத்துவரும் ஆசை. இருட்டில் ஒளிரவில்லை, ஆகவே செத்துவிட்டது என்று நினைப்பார்கள். ஒளிரும் சாயம்தான் செத்தது. ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடி உடைந்திருந்தால் அந்தச் சாயம் பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரக்காலின் மூட்டு வளையங்கள் சில பெரிலியம் கலந்த செம்பு. அரைத்த தூசி சிலரது நுரையீரலை ஆயுளுக்கும் கெடுக்கும். பழைய பிரேக்கிலும் எஞ்சின் வெப்பத்திரையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஹைட்ராலிக் எண்ணெயான ஸ்கைட்ரோல் ஊதா நிறத்தில் இருக்கும். கண்ணில் தெறித்தால் பச்சை மிளகாயைப் பிழிந்ததுபோல் எரியும், அனுபவித்தவன் சொல்கிறேன். குழாய் இணைப்புகளில் உள்ள சில கறுப்பு ரப்பர் வளையங்கள் எரிந்தால் ஹைட்ரோபுளூரிக் அமிலம் வரும். எரிந்துபோன விமானத்தில் பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும் ரப்பரை வெறும் கையால் தொடாதீர்கள்.

புதிய தலைமுறை விமானங்களில் காட்மியமும் குரோமேட்டும் குறைந்துவருகின்றன. ஆனால் போயிங் 787இன் எடையில் ஏறக்குறையப் பாதியும், ஏர்பஸ் ஏ350இல் 53 சதவீதமும் கார்பன் நார் உள்ளிட்ட கலவைப்பொருள்கள். அலுமினியத்தைப் போல உருக்கி விற்க முடியாது. அறுத்தால் ஊசிபோல் தூசி பறக்கும், எரித்தால் மூச்சுக்குள் போகும் அளவுக்கு நுண்ணிய நார்கள் புகையோடு மிதக்கும். கிடங்குக்காரருக்கு அது காசும் பெறாது. காசு பெறாத பொருளைத்தான் நம் ஊரில் கொளுத்துவார்கள்.

ஒழுங்காக உடைக்கும் இடத்தில் என்ன செய்கிறார்கள்? கத்தி படுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். எரிபொருளையும் எண்ணெய்களையும் வடிப்பார்கள், பேட்டரியை எடுப்பார்கள், ஆக்சிஜன் உருளை, சறுக்குப் பலூன், தீயணைப்புக் குப்பி ஆகியவற்றை ஒவ்வொன்றாக முடக்கி இறக்குவார்கள், எடைக்கட்டியை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். எஞ்சினைக் கழற்றி விற்பார்கள்; பழைய விமானத்தின் விலையில் பெரும்பங்கு அதில்தான். கடைசியில் மிஞ்சும் கூட்டை நெருப்பால் வெட்டுவதில்லை, நண்டுக் கொடுக்குபோன்ற ஹைட்ராலிக் கத்தரியால் நறுக்குகிறார்கள். சூடு இல்லை, புகை இல்லை. பிரான்சின் தார்ப் நகரில் ஏர்பஸ் 2005 முதல் நடத்திய சோதனைத் திட்டம் ஒரு விமானத்தின் எடையில் 85 சதவீதத்தை மீட்கலாம் என்று காட்டியது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. பட்டியலிட்ட கழிவுகள் பற்றிய 2005ஆம் ஆண்டு விதிகளில் பயன்படுத்திய ஹைட்ராலிக் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 306, காட்மியம், நிக்கல், லித்தியம் பேட்டரிகளுக்கு எஸ்டபிள்யூ 103 என்று எண்ணே இருக்கிறது. 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். கதிர்ப்பொருள் என்றால் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் வரும். ஆனால் இந்த எண்களெல்லாம் சரக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்கும்போதுதான் வேலை செய்யும். மூன்று கை மாறி, "கலப்பு அலுமினியம்" என்று ஒற்றைத் தாளோடு வரும் லோரியில் எந்த எண்ணும் ஏறி வருவதில்லை.

நண்பர் அன்று கூட்டிக் கழித்துப் பார்த்தார். எடை போட்டுப் பணமும் பாதி கொடுத்தாகிவிட்டது. கழற்றியவை என்னென்ன என்று பட்டியல் கேட்டு அனுப்பியவருக்குப் போன் செய்தார். எதிர்முனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று பதில் வந்தது. லோரிக் கூலி நண்பர் தலையில். மறுநாள் காலையில் பச்சைத் தகடுகள் வந்த வழியே போயின. எங்கே போயின என்று எண்ணினால் எனக்கு இன்னும் நிம்மதி இல்லை.

அந்தப் பையன் தங்க நிற போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளப் பார்த்தான். வாங்கி மூடியுள்ள ஒரு டப்பியில் போட்டேன். குழாயடிக்கு அழைத்துப் போய், நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்த பிறகுதான் ரொட்டி சானாய்ப் பொட்டலத்தைப் பிரிக்க விட்டேன்.